தலைமையாசிரியை கடிதம்: உருப்போடுவதும் கேள்வி கேட்பதும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்கால் வேலையில் உங்களுக்கு நிற்க நேரமிருக்காது. ஆனாலும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு எழுத்தில் பதில் தர வேண்டியிருக்கிறது. “நீட் தேர்வுக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள் நன்னூல் சூத்திரத்தையும் பைபிள் திருப்பாடலையும் உருப்போட்டு என்ன ஆகப்போகிறது?” என்று கேட்டீர்கள்.

இது நான் கண்டுபிடித்த முறை அல்ல. கத்தோலிக்கத் துறவிகளான இயேசு சபையார் 1599இல் வெளியிட்ட கல்வித் திட்டத்தில் முதலில் இலக்கணம், பிறகு இலக்கியமும் சொல்வன்மையும், அதன் பின்னரே மெய்யியல், இறையியல். வாரம் முழுக்கப் படித்ததைச் சனிக்கிழமை திரும்ப ஒப்பிக்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் படித்த நம் முன்னோர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

ஒப்பிப்பதோடு நின்றால் உங்கள் குறை நியாயம்தான். அதனால்தான் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்தாம் வகுப்பில் வாதம் வைத்திருக்கிறோம். 2018 கஜா புயலில் தோப்பைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, “கடவுள் நல்லவர் என்றால் எங்கள் தென்னைகளை ஏன் சாய்த்தார்?” என்றாள். கத்தோலிக்கப் பள்ளியில் இப்படிக் கேட்கவிடலாமா என்று சிலர் வருத்தப்பட்டதாக அறிகிறேன். தாராளமாகக் கேட்கலாம். கடவுள் இருக்கிறாரா என்று ஆராயப் புகும் கத்தோலிக்க இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் முதலில் எழுதுவதே மறுப்பைத்தான். உலகில் தீமை இருக்கிறதே என்பதுதான் அந்த முதல் மறுப்பு. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும் பிறர் கொள்கையான பரபக்கத்தைச் சொல்லி முடித்த பிறகே தன் கொள்கையான சுபக்கத்துக்கு வருகிறது.

அவளுக்கு யாரும் சட்டென்று விடை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பின் வரிசையிலிருந்து இன்னொருத்தி, தவக்காலத்தில் மனப்பாடம் செய்த திருப்பாடல் 22ஐ எடுத்தாள்: “என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?” சிலுவையில் இயேசு சொன்ன வரி. உருப்போடாமல் இருந்திருந்தால் அது அவள் வாயில் வந்திருக்காது. புத்தகத்தைத் தேடி எடுப்பதற்குள் மணி அடித்திருக்கும்.

மறைக்கல்வி வகுப்பு எப்போதும்போல் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும். மற்றவர்களுக்கு அந்நேரம் நன்னெறி. பன்னிரண்டு மணிக்கு மூவேளை செப மணி அடிக்கும்போது எல்லாரும் பேச்சை நிறுத்தினால் போதும்.

எட்டாம் வகுப்பை இந்த ஆண்டு கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கும் ஏலாக்குறிச்சிக்கு அழைத்துப் போகிறோம். வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர். இத்தாலியில் 1680இல் பிறந்தவர், வளர்ந்த பிறகு தமிழ் கற்று, இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைத் தலைவராக வைத்து 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். ‘கே’ என்பதற்கு நாம் போடும் இரட்டைச் சுழிக் கொம்பும் அவர் தந்ததுதான். அதற்கு முந்தைய வழக்கப்படி ஒற்றைக் கொம்பும் புள்ளி இல்லாத எழுத்துமாகக் கரும்பலகையில் எழுதி, இது வயலைக் குறிக்கும் செறுவா, சேறா என்று கேட்டேன். “எங்கள் வயலில் இரண்டும் ஒன்றுதான் சிஸ்டர்” என்றான் ஒருவன்.

இரண்டு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை ட்யூஷன் என்று சொல்லி மூன்று மணிக்கே பிள்ளைகளை அழைத்துப்போக வராதீர்கள். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றம். நடைப்பயணம் போகிறவர்கள் விடுப்புக் கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். காலாண்டுத் தேர்வு பின்னாலேயே வருகிறது. நடந்துகொண்டே சூத்திரம் சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இறை ஆசியுடன்,
தலைமையாசிரியை