கார் விலையை ஒரே தாளில் சொல்ல வையுங்கள்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத்தின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

2024 தீபாவளிக்கு முன்னால் நான் ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். திண்டுக்கல்லில் வீடு, மதுரையில் வேலை. போக வர தினமும் 130 கிலோமீட்டர். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, அதனால்தான் இந்த முடிவு. கார் நன்றாக ஓடுகிறது. அதில் ஒரு குறையும் இல்லை. அதை வாங்கி முடிப்பதற்குள் கடந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஷோரூமில் முதல் நாள் கொடுத்த கொட்டேஷனில் ஆறு வரிகள் இருந்தன. எக்ஸ்-ஷோரூம் விலை (பதிவும் காப்பீடும் சேராத கார் விலை), இன்சூரன்ஸ், டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் பிடித்துக் கட்டும் வருமான வரி), ஃபாஸ்டேக், நம்பர் பிளேட், வங்கிக் கடனைப் பதிவதற்கு 1,500 ரூபாய். புக்கிங் பணம் கட்டிய பிறகு வந்த தாளில் எட்டு வரிகள். டெலிவரிக்கு இரண்டு நாள் முன்னால் வாட்ஸ்அப்பில் வந்த மூன்றாவது தாளில் பதினொன்று. ஹேண்ட்லிங் சார்ஜ் 9,500, மிதியடியும் மட்ஃப்ளாப்பும் அடங்கிய 'எசென்ஷியல் கிட்' 14,000, கூடுதல் வாரண்டி 22,000, சார்ஜர் பொருத்த 12,500, 'பதிவுச் செலவு' 10,000. மொத்தம் 68,000 ரூபாய் ஏறியிருந்தது. இதில் எதையும் நான் கேட்கவில்லை. விற்பனைப் பிரதிநிதி மரியாதையாகத்தான் பேசினார். "சார், இது எல்லாருக்கும் போடறதுதான்" என்றார்.

அந்த இரண்டு நாள் எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நல்ல நேரம் குறித்தாயிற்று. வங்கி கடனை விடுவித்துவிட்டது. ஊரிலிருந்து அக்கா குடும்பம் பஸ் ஏறிவிட்டது. இந்த நிலையில் யார் போய் ஒவ்வொரு வரியாகச் சண்டை போடுவார்? "விடுப்பா, நல்ல காரியம் நடக்கும்போது கணக்குப் பார்க்காதே" என்றார் அப்பா. நம் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். புதுத் தாள் ஏன் கடைசி நேரத்தில் வருகிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆனாலும் அந்தப் 'பதிவுச் செலவு' என்னை உறுத்தியது. பேட்டரி வாகனங்களுக்குப் பதிவுச் சான்றுக் கட்டணம் கிடையாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது. தமிழ்நாட்டின் 2023 மின் வாகனக் கொள்கைப்படி 2025 இறுதி வரை சாலை வரிக்கும் முழு விலக்கு இருந்தது. கடன் பதிவுக்கு உரிய 1,500 ஏற்கெனவே தனி வரியாக இருக்கிறது. அப்படியானால் இந்தப் 10,000 எதற்கு? ஏஜென்ட் செலவு என்றார்கள். அறிவிக்கையை ஃபோனில் எடுத்து மேனேஜரிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் அந்த வரியை அடித்துவிட்டார். ஹேண்ட்லிங் சார்ஜையும் பாதியாக்கினார். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பெரியவர் முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் போனார். கேட்டவருக்கு இல்லை, கேட்காதவருக்கு உண்டு என்றால் அதைக் கட்டணம் என்று எப்படிச் சொல்வது?

கொட்டேஷனில் நியாயமாக இருக்கும் தொகைகளைக்கூட யாரும் விளக்குவதில்லை. 10 லட்சத்துக்கு மேல் போகும் காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் பிடிக்கிறார்கள். அது நம் பெயரில் கட்டப்படும் வருமான வரி. கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் இதைக் காரின் விலை என்றே நினைத்து விட்டுவிட்டார். அப்புறம் இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுக்குக் கட்டாயம், சரி. ஆனால் பாலிசியை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இது எந்தக் கொட்டேஷனிலும் எழுதியிருப்பதில்லை.

மின்சாரக் காரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கார் என்றால் எது எதெல்லாம் சேர்ந்தது என்பதே இங்கே மாறிக்கொண்டிருக்கிறது. 2024 நவம்பரில் மஹிந்திரா பிஇ 6 காருக்கு 18.90 லட்சம் என்று அறிவித்தபோது சார்ஜரும் அதைப் பொருத்தும் செலவும் அதில் சேரவில்லை. எம்ஜி விண்ட்சர் 2024 செப்டம்பரில் 9.99 லட்சத்துக்கு வந்தது. அப்போது பேட்டரிக்குத் தனியாக கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. பேட்டரியோடு வாங்கினால் 13.50 லட்சமாக இருந்தது. என்னைப் போல மாதம் 25 நாள் மதுரைக்குப் போய் வருபவருக்கு அந்தக் கணக்கில் வாடகை மட்டும் மாதம் 11,375 ரூபாய் வரும். இரண்டு நிறுவனங்களும் இதை மறைக்கவில்லை, சொல்லித்தான் விற்றன. ஆனால் கடைக்குள் வரும் குடும்பத்தின் மனதில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்தான் நிற்கிறது. மாதக் கணக்கை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்ட வேண்டும்.

விலை மாறுவதையே நான் குறை சொல்லவில்லை. டாடா டியாகோ மின்சாரக் கார் 2022 செப்டம்பரில் 8.49 லட்சத்தில் அறிமுகமானது. 2023 பிப்ரவரியில் 8.69, 2024 பிப்ரவரியில் 7.99. பேட்டரி விலை இறங்கியபோது காரும் இறங்கியது, சந்தோஷம்தான். நான் கேட்பது, புக்கிங் அன்று இருந்த விலையா, சாவி வாங்கும் அன்று இருக்கும் விலையா, எது என்னுடையது என்பதை. இப்போது ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'டெலிவரி நாள் விலை' என்று இருக்கிறது. டெலிவரி நாளை முடிவு செய்வது நானா?

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், 2023 நவம்பர் 30 அன்று நீங்கள் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் இதே தந்திரங்களுக்குப் பெயரே வைத்திருக்கிறீர்கள். முதலில் குறைந்த விலையைக் காட்டிப் போகப் போகக் கூட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் போடுவது உட்பட மொத்தம் 13 முறைகளைத் தவறு என்று சொன்னீர்கள். அவை பெரும்பாலும் இணையதளங்களையும் செயலிகளையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஃபோன் திரையில் தவறாக இருப்பது ஷோரூம் மேசையில் எப்படிச் சரியாகும்?

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம் என்பது தெரியும். ஆனால் கார் வீட்டுக்கு வந்த பிறகு 9,500 ரூபாய்க்காக அலைய யாருக்கும் நேரமில்லை. தனி ஆளாக இல்லாமல் நுகர்வோர் எல்லோருக்குமாகச் செயல்படும் அதிகாரம் உங்களுக்கு இருக்கிறது. புக்கிங் பணம் வாங்கும் முன்பே முழு ஆன்-ரோடு விலையையும் (எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து போகும் தொகை) ஒரே தாளில், வாடிக்கையாளர் படிக்கும் மொழியில், கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று உத்தரவிடுங்கள். கட்டாயம் எது, விருப்பம் எது என்று அதில் பிரித்துக் காட்டட்டும். சார்ஜரும் பொருத்தும் செலவும் பேட்டரி வாடகையும் அதிலேயே இருக்கட்டும். அரசு வரியை மாற்றினால் ஒழிய அந்தத் தொகை ஏறக் கூடாது. முடியாத காரியம் இல்லை இது. சார்ஜருக்குத் தனியாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தர 2023-இல் மின்சார ஸ்கூட்டர் நிறுவனங்கள் சில ஒப்புக்கொண்டன; மின் வாகன மானியத்துக்கான விதியை வைத்து அரசு கேள்வி கேட்ட பிறகுதான் அது நடந்தது.

எனக்கு வந்த மூன்று கொட்டேஷன்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். ஷோரூமின் பெயரை மறைத்திருக்கிறேன். என் நண்பர்கள் இருவர் வேறு வேறு ஊர்களில் வாங்கிய தாள்களும் கூடவே இருக்கின்றன. அவற்றில் இருக்கும் கட்டணங்களின் பெயர்கள்கூட அப்படியே ஒத்துப்போகின்றன.

இப்படிக்கு,
திண்டுக்கல்லில் இருந்து ஒரு வாடிக்கையாளர்