அறக்கட்டளை டீடு எழுதுமுன்

பெருந்துறை

அன்புள்ள மாப்ளைக்கு,

கடுதாசி கிடைத்தது. அத்தைக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி விட்டாச்சு, ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

ரோட்டரி சங்கம் இருக்கும்போது தனியாக அறக்கட்டளை எதற்கு என்று தாராபுரத்தில் உங்கள் ஆட்கள் கேட்பதாக எழுதியிருந்தாய். வருடா வருடம் ஜூலை 1ஆம் தேதி ஆனால் சங்கத் தலைவர் மாறிவிடுகிறார், அதற்குத்தான். போன தலைவர் பள்ளிக்கூடத்தில் வைத்த ஆர்.ஓ. குடிநீர் பிளான்ட்டுக்கு, தண்ணியை வடிகட்டும் மெம்பிரேன் மாற்ற இந்தத் தலைவர் காசு ஒதுக்க மாட்டார். கல்வெட்டில் அவர் பேர் இல்லையே! பள்ளிக்கூடச் சுவரில் கல்வெட்டு பளபளக்கும், குழாயில் காத்து வரும். கட்டிக்கொடுப்பது சங்கத்தின் வேலையாக இருக்கட்டும். கட்டினதைக் காப்பாற்றுவது அறக்கட்டளையின் வேலை.

டீடில், அதாவது அறக்கட்டளைப் பத்திரத்தில், நோக்கங்களைத் தாராளமாக எழுது: கல்வி, மருத்துவம், குடிநீர், மயானப் பராமரிப்பு எல்லாம் இருக்கட்டும். எழுதாத வேலையைச் செய்தால் பின்னாடி ஆடிட்டர் தலையைச் சொறிவார். டிரஸ்டிகள் (அறங்காவலர்கள்) எல்லாரும் ஒரே வருடத்தில் இறங்காதபடி பதவிக்காலத்தைப் பிரித்து வை. அந்த வருடத் தலைவர் கூட்டத்தில் உட்காரட்டும், செக்கில் கையெழுத்து மட்டும் வேண்டாம்.

பதிவு முடிந்ததும் பான் எடுத்து, அறக்கட்டளை வருமானத்துக்கு வரிவிலக்கு (12ஏ என்பார்கள்), கொடுப்பவருக்கு வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பித்துவிடு. மண்டிக்காரர்கள் ரொக்கத்தைத்தான் நீட்டுவார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கு வரிச்சலுகை இல்லை, முதலிலேயே சொல்லிவிடு. வருட வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவழித்தாக வேண்டும் என்றும் விதி. அப்புறம் எதைச் சேர்ப்பது என்று கேட்பாய். கார்பஸ் நிதி என்றால் செலவழிக்காமல் வைக்கும் மூலதனம்; 'இது கார்பஸ் நிதிக்கு' என்று கொடுப்பவர் கைப்பட ஒரு வரி எழுதித் தந்தால் அந்தத் தொகை இந்த 85 சதவீதக் கணக்கில் வராது. அதை டெபாசிட்டில் போட்டு வட்டியில் பராமரிப்பைப் பார். தொகை சின்னது என்று தயங்காதே, ரோட்டரியின் உலக அறக்கட்டளைக்கு வந்த முதல் நன்கொடையே 26 டாலர் 50 சென்ட்தான். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் ஊர்ப் பையன்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் வாங்கலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால் அது வெளிநாட்டுப் பணம், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவில்லாமல் தொடாதே.

எரிவாயு மயானத்தை எடுத்து நடத்தலாமா என்று கேட்டாயல்லவா? எடுக்கலாம், ஆனால் அதில் தினமும் செலவு உண்டு. ஒரு உடலுக்கு ஏறக்குறைய ஒரு 19 கிலோ சிலிண்டர் என்று கணக்கு வைத்துக்கொள். அடுப்பு ஆறிக்கிடந்தால் அன்றைய முதல் உடலுக்கு அதைவிட அதிகம் பிடிக்கும். கரண்ட் போனால் புகையை இழுக்கும் புளோயர் நின்று புகை கூடத்துக்குள் திரும்பும், ஜெனரேட்டர் இல்லாமல் சாவியை வாங்காதே. சூடேறி ஆறி, சூடேறி ஆறி உள்சுவர்த் தீச்செங்கல் விரிசல் விடும். அதற்கென்று மாதாமாதம் தனியே பணம் ஒதுக்கி வை. புகையைக் கழுவும் தண்ணித் தொட்டியில் கரி வண்டலாகப் படியும். அதை வாராமல் விட்டால் புகை சரியாகக் கழுவப்படாது, பக்கத்துக் குடித்தனக்காரர்கள் மனுவோடு வந்துவிடுவார்கள். எல்லாவற்றையும்விட, இறந்தவருக்கு பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்க உடலுக்குள் வைக்கும் கருவி) இருந்ததா என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்திலேயே இருக்கட்டும். அந்த பேட்டரி சூட்டில் வெடிக்கும். நைலான் துணி, பிளாஸ்டிக் மாலை, உடைக்காத தேங்காய் எதுவும் உள்ளே போகக் கூடாது. துக்கத்தில் இருப்பவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லி எடுக்கத் தெரிந்த ஆளை வேலைக்குப் போடு, சம்பளத்தில் கஞ்சம் பார்க்காதே.

இடமும் கட்டடமும் நகராட்சியுடையது. கட்டணத்தை யார் நிர்ணயிப்பது, பெரிய ரிப்பேர் யார் தலையில், வசதியில்லாதவர் வந்தால் யார் கொடுப்பது, மூன்றும் ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்தால்தான் கையெழுத்துப் போடு.

டயாலிசிஸ் மெஷின் தர யாரோ முன்வந்திருக்கிறார் என்றாயே. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணி. ஒரு நோயாளிக்கு வாரம் இரண்டோ மூன்றோ தடவை. தண்ணி பிளான்ட், டெக்னீசியன், டியூப், ஃபில்டர் செலவு யாருடையது என்று முடிவாகாமல் மெஷினை இறக்கினால் அது துணி போர்த்திக் கிடக்கும். என் யோசனை, மெஷின் வேண்டாம். ஏற்கெனவே நடக்கிற மையத்தில் ஏழைகளுக்கு ஆகும் கட்டணத்தைக் கட்டுங்கள்.

பள்ளிக்கூட வேலைக்கு நமக்கு நாமே திட்டத்தைக் கேட்டுப் பார். மூன்றில் ஒரு பங்கு நீங்கள் கட்டினால் மிச்சத்தை அரசு போடும். 3 லட்ச ரூபாய் வேலைக்கு உங்கள் கைக்காசு 1 லட்சம். ஆனால் கழிப்பறை கட்டினால் தினமும் கழுவுகிற ஆளுக்குச் சம்பளத்தை முதல் நாளே ஒதுக்கிவிடு. கதவைப் பூட்டிச் சாவியைத் தலைமையாசிரியர் மேஜையில் போட்டுவைக்கும் நிலைமை அப்படி ஒதுக்காததால்தான் வருகிறது.

எங்கள் டீடு நகலும் மயான ஒப்பந்த நகலும் தனியே அனுப்புகிறேன். உங்கள் ஆடிட்டரிடம் காட்டிவிட்டு, எந்தப் பிரிவை மாற்றச் சொன்னார் என்று எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்