எல்.கே.ஜி. சேர்க்கையும் நீட் கவலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விஜயதசமி முடிந்த கையோடு தங்கள் நாளிதழின் உள்ளூர்ப் பக்கங்களில் தனியார் பள்ளிகளின் சேர்க்கை விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. மதுரையில் மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் தொடக்க வகுப்புகள் எடுத்து ஓய்வுபெற்றவள் நான் என்பதால், எங்கள் தெருவிலுள்ள இளம் பெற்றோர் அந்த விளம்பரங்களையும் வழவழப்பான கையேடுகளையும் எடுத்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வருவார்கள். பெரும்பாலும் முதல் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது: “டீச்சர், ஸ்டேட் போர்டா, சி.பி.எஸ்.இ.யா? எதில் சேர்த்தால் பின்னால் நீட்டுக்கு உதவும்?” மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அப்போது மூன்றரை வயதுதான் இருக்கும்.

அந்தக் கவலை பொருளற்றது என்று நான் சொல்ல மாட்டேன். 2017 முதல் தமிழகத்திலும் மருத்துவப் படிப்புச் சேர்க்கை நீட் மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. ஆனால் பாடத்திட்டத்தைப் பத்தாம் வகுப்புக்குப் பிறகுகூட மாற்றிக்கொள்ள முடியும். அப்படி மாறுகிறவர்களும் ஏராளம். மாநிலப் பாடநூல்களும் 2018-19 கல்வியாண்டு தொடங்கிப் புதிதாக எழுதப்பட்டுவிட்டன. மாற்ற முடியாமல் போவது, எழுத்துக்கூட்டி வாசிக்கவும், எண்ணிக்கையைப் புரிந்துகொள்ளவும், தெரியாததை அச்சமின்றிக் கேட்கவும் குழந்தை பழகுகிற அந்த முதல் ஐந்து ஆண்டுகளே. ஆகவே, பிளஸ் டூ முடிவுகளைப் பார்த்து எல்.கே.ஜி.க்குப் பள்ளி தேடுவதை நிறுத்திவிட்டு, ஐந்தாம் வகுப்புவரை தங்கள் குழந்தையை யார் கையில் ஒப்படைக்கப்போகிறோம் என்று பெற்றோர் விசாரிக்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

ஸ்மார்ட் வகுப்பறையையும் நீச்சல் குளத்தையும் சுற்றிக் காட்டும் நிர்வாகத்திடம், தொடக்க வகுப்பு ஆசிரியைகள் எத்தனை ஆண்டுகளாக அங்கே பணியில் இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. குறைந்த ஊதியம், மே மாதச் சம்பளம் இல்லாமை, விடுப்பு எடுத்தால் பிடித்தம் போன்ற காரணங்களால் பல பள்ளிகளில் ஆசிரியைகள் ஓரிரு ஆண்டுகூட நிலைப்பதில்லை. ஒரே ஆண்டில் மூன்று ‘மிஸ்’ மாறிய ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொருவரும் வேறு வேறு முறையில் முதலிலிருந்து தொடங்க, பிள்ளைகள் வாசிக்காமல் மனப்பாடமாக ஒப்பிக்கப் பழகியிருந்தார்கள். எவ்வளவு பெரிய வளாகமாக இருந்தாலும் இந்தக் குறையை அதனால் ஈடுகட்ட முடியாது.

இன்னொன்றும் செய்யலாம். அந்தப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்று அக்கம்பக்கத்தில் இருந்தால், அதன் தமிழ் நோட்டையும் கணக்கு நோட்டையும் வாங்கிப் பாருங்கள். பக்கம் பக்கமாக ஒரு பிழையும் இல்லாமல், முத்து முத்தான கையெழுத்தில், கரும்பலகையில் இருந்ததே இறங்கியிருந்தால் அங்கே நடப்பது நகலெடுத்தல். குழந்தை சொந்தமாக எழுதிய, ‘ர’கர ‘ற’கரம் தடுமாறிய நான்கு வரிகளும், அவற்றை நிதானமாகத் திருத்திய சிவப்பு மையும் இருந்தால், அங்கே ஓர் ஆசிரியை உண்மையாகவே வேலை செய்கிறார். அதே பிள்ளையின் தண்ணீர் பாட்டில் மாலையில் குறையாமல் திரும்பி வருகிறதா என்றும் அதன் தாயிடம் கேளுங்கள். கழிப்பறைக்குப் போக அஞ்சும் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த மாநிலம் இது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றையும், பள்ளி வாகனங்களுக்கென 2012இல் வந்த சிறப்பு விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்பதையும் கேட்பதற்கு எந்தப் பெற்றோரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

கட்டண விஷயத்திலும் கூச்சமே தடையாக இருக்கிறது. தமிழகத்தின் 2009ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அது மூன்று கல்வியாண்டுகளுக்குப் பள்ளியைக் கட்டுப்படுத்தும். அந்த ஆணையைக் காட்டச் சொல்லிக் கேட்பதும், கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது பெறுவதும் நம் உரிமை. நன்கொடை வாங்குவதையும், சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ நேர்காணல் வைத்து வடிகட்டுவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு தடை செய்கிறது. அப்படியிருந்தும், ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வராததால் தன் பிள்ளைக்கு இடம் போய்விட்டது என்று ஒரு தாய் என்னிடம் கண் கலங்கினார். அந்த அவமானத்தை அவர் சுமக்க நேர்ந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

இதே சட்டத்தின்கீழ் 25 விழுக்காடு இடங்களில் சேரும் ஏழைப் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் அதிகமா என்று சில பெற்றோர் குரலைத் தாழ்த்திக் கேட்பதுண்டு. அதை ஒரு குறையாகக் கருதுவது தவறு என்று அவர்களிடம் நேரடியாகவே சொல்லிவிடுவேன். என் வகுப்பில் அப்படிச் சேர்ந்த பிள்ளைகளால் மற்ற பிள்ளைகளின் படிப்பு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். சில பள்ளிகள் சி.பி.எஸ்.இ. வாரியத்தின் இணைப்பு (அந்தப் பாடத்திட்டத்தை நடத்தும் அனுமதி) கிடைப்பதற்கு முன்பே பெயர்ப் பலகையில் சி.பி.எஸ்.இ. என்று எழுதிவிடுகின்றன, பெற்றோருக்கு அது சில ஆண்டுகள் கழித்தே தெரியவருகிறது. சேர்க்கை விளம்பரம் தரும் பள்ளிகளிடம் அங்கீகார எண் அல்லது இணைப்பு எண், அது செல்லும் காலம், குழு நிர்ணயித்த கட்டணம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கி, விளம்பரத்திலேயே அச்சிடுவதைத் தாங்கள் நிபந்தனையாக்க வேண்டும். வரும் சேர்க்கைக் காலத்திலேயே இதைத் தொடங்கினால், விண்ணப்பம் வாங்கப் போகும் முன்பே பெற்றோருக்கு அந்த விவரங்கள் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மதுரை