எங்கள் மன்னிப்பைக் காட்டிக் கோப்பை மூடாதீர்கள்

மேதகு சனாதிபதி அவர்களுக்கு,

வணக்கம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்து என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. அன்றைக்கே குண்டு வெடித்த கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி தேவாலயங்கள், கொழும்பு ஹோட்டல்கள் என்று எல்லாக் கோப்பும் உங்கள் மேசைக்கு வந்தவைதான். நீதி வாங்கித் தருவதாகத் தேர்தல் காலத்தில் நீங்களும் வாக்குத் தந்தீர்கள். நான் எழுத வந்தது போன மாதம் காதில் விழுந்த ஒரு வார்த்தையைப் பற்றி.

விசாரணை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்க, தங்கையைக் கூட்டிக்கொண்டு ஓர் அரச அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கதிரை தந்து இருக்கச் சொன்னார். கடைசியில், “நீங்கள் கிறிஸ்தவர்கள். மன்னித்துவிட்டோம் என்று நீங்களே சொன்னீர்கள். பிறகு ஏனம்மா திரும்பத் திரும்ப வாறீங்க?” என்றார். தங்கை பதில் சொல்லவில்லை. பையில் வைத்திருந்த எக்ஸ்ரே படத்தை வெளியே எடுக்காமலே எழும்பி வந்துவிட்டாள்.

அந்தப் படத்தில் இருப்பதை நான் சொல்கிறேன். அவள் மகளுக்கு அன்றைக்கு ஒன்பது வயது. ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் நின்ற நேரம். சைக்கிள் சில்லுக்குள் இருக்குமே, அந்த மாதிரிச் சின்ன இரும்புக் குண்டு ஒன்று அவளுடைய இடது தோளெலும்புக்குப் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறது. எடுக்கப் போனால் நரம்பு பழுதாகும், அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்கள் டொக்டர்மார். புத்தகப் பையை வலது தோளில்தான் போடுவாள். மார்கழி மழையில் இரவு தோள் கடுக்கத் தொடங்கினால், தங்கை சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தபடி விடியும்வரை பக்கத்தில் இருப்பாள். பிள்ளை அழமாட்டாள். அன்று கூட நின்று திரும்பி வராத இரண்டு சிநேகிதிகளின் அம்மாமாருக்காக ஜெபம் பண்ணச் சொல்லுவாள்.

மன்னித்தோமா? ஆம், மன்னித்தோம். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் பக்கத்து ஊரான காத்தான்குடிக்காரன். அந்தக் கிழமையே எங்கள் வாசலில் இளம் பொடியன்கள் வந்து நின்றார்கள், “அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தங்கை அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, இயேசுவின் பெயரால் ஒருத்தரையும் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினாள். அடுத்த மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கமும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் அடித்து நொறுக்கப்பட்ட செய்தியைக் கேட்டு, எங்கள் வீட்டில் நடந்ததைப் போல அழுதாள். பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது, எப்போதும் போகிற முஸ்லிம் கடையிலேயே சப்பாத்து வாங்கினாள். கடைக்காரக் காக்கா கண்கலங்கிக் காசு வேண்டாம் என்றார். இவள் எண்ணி வைத்துவிட்டு வந்தாள்.

ஐயா, எங்கள் மன்னிப்புக்கு இவ்வளவு விலை கொடுத்திருக்கிறோம். அதை எடுத்து ஓர் அலுவலகம் தன் கோப்பை மூடப் பாவிப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. 11ஆம் திகதி பொலிசுக்குள் கடிதம் எழுதப்பட்டது. அதில் சஹ்ரானின் பெயர் இருந்தது, தேவாலயங்கள் இலக்கு என்பதும் இருந்தது. பத்து நாள் இருந்தும் எங்கள் வாசலுக்கு ஒரு சொல் வரவில்லை. பையோடு வந்தவனை உள்ளே விடாமல் மறித்தவர் சபையில் ஒருவர். அவர் அங்கேயே செத்துப்போனார். 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சரி, அது கடமை தவறியதற்கு. தெரிந்தும் வாய் திறக்காதவர்கள் எத்தனை பேர், ஏன் திறக்கவில்லை, இதற்குப் பின்னால் நின்றவர்கள் யார்? இதற்கு முழு விடை எங்களுக்கு இன்னும் வரவில்லை. அவர்களையும் மன்னிக்கச் சொல்லித்தான் எங்கள் வேதம் சொல்கிறது. ஆனால் யாரை மன்னிக்கிறோம் என்று தெரிய வேண்டாமா?

எங்கள் வேதத்தில் ஒரு பகுதி உண்டு. பிலிப்பி பட்டணத்தில், இயேசுவைப் போதித்த பவுலையும் சீலாவையும் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தபோது பவுல் ஓடவில்லை. உயிரை மாய்க்கப்போன சிறைக்காரனைத் தடுத்துக் காப்பாற்றினார், அவன் வீட்டில் சாப்பிட்டார். விடிந்ததும் அதிகாரிகள் சத்தமில்லாமல் போய்விடச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். பவுல் போகவில்லை. அவர்களே நேரில் வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்றார். தங்கை எழும்பி வந்தபோது எனக்கு அந்தப் பகுதிதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். போன வருஷம் அரசிடமிருந்து வந்த கடிதம் சிங்களத்தில் இருந்தது. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தன் பிள்ளையின் உடம்பைப் பற்றிய கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பொடியனிடம் கொடுத்து வாசிக்கக் கேட்டாள் தங்கை. சுனாமி, யுத்தம், குண்டு என்று எல்லாம் பார்த்த ஊர் இது. ஒவ்வொரு முறையும் இழந்தவர்கள்தான் படிவத்தோடு வரிசையில் நிற்கிறோம். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து கோப்பை மூடாதீர்கள். யாருக்குத் தெரிந்திருந்தது, ஏன் சொல்லவில்லை, பின்னால் யார் என்பதை நீதிமன்றத்தில் வெளிப்படையாகச் சொல்ல வையுங்கள். மன்னித்தவர்களிடம் ஏன் வந்தாய் என்று இனி ஒருவரும் கேட்கக்கூடாது என்று உங்கள் அலுவலர்களுக்கு அறிவியுங்கள். பதிலைத் தமிழில், என் தங்கையின் பெயருக்கே அனுப்பச் சொல்லுங்கள். அவளே வாசிக்கட்டும்.

இப்படிக்கு,
பிள்ளையின் மாமா,
மட்டக்களப்பு