ஏப்ரலுக்கு முன் ஒரு வேண்டுகோள்

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளில் நிகழ்ச்சிகளைப் பொறுப்பேற்று நடத்தும் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும், அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம்.

பன்னிரண்டு ஆண்டுகளாக உங்கள் நிகழ்ச்சிகளுக்குச் சுவரொட்டியும் மேடைப் பதாகையும் வடிவமைத்துத் தருகிறேன். இரவு பத்தரைக்கு "தம்பி, ஒரு சின்ன மாற்றம்தான்" என்று நீங்கள் அழைத்தபோதெல்லாம் எடுத்திருக்கிறேன். இந்த ஏப்ரலில் எடுக்கப்போவதில்லை. காரணத்தை உங்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

போன ஆண்டு ஏப்ரலில், தமிழ்மொழி விழா மாதத்தில் மட்டும் ஒன்பது நிகழ்ச்சிகளுக்கு வேலை செய்தேன். ஓரிரவு, சிறுவர் கதைசொல்லும் போட்டி ஒன்றுக்காக 'ழ' எழுத்தை யானைத் தும்பிக்கைபோல வளைத்து வரைய வேண்டியிருந்தது. எனக்கு மிகவும் பிடித்த எழுத்து அது. பள்ளி நாள்களில் நோட்டுப் புத்தக ஓரமெல்லாம் அதைத்தான் வரைந்துகொண்டிருப்பேன். அன்றைக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. கணினியை மூடிவிட்டு, நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் போய் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வேறொரு பதாகையில் சிறப்பு விருந்தினர் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று. ஏற்பாட்டாளர் கோபப்பட்டார், அது நியாயம்தான். பேசிய தொகையில் பாதியையும் பிடித்துக்கொண்டார். அது இன்னும் வலிக்கிறது.

அப்புறம்தான் இந்த வேலைச்சோர்வைப் (burnout) பற்றித் தேடிப் படித்தேன். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தியெல்லாம் வற்றிப்போவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகுவது, வேலைத்திறன் குறைவது. இதை நோய்களின் கணக்கில் அது சேர்க்கவில்லை. வேலையில் தீர்க்கப்படாமல் சேர்ந்துகொண்டே போகும் அழுத்தத்தின் விளைவு என்றது. இரண்டாவது அடையாளத்தைப் படித்ததும் அந்த 'ழ' கண்முன் வந்தது. நண்பர்கள் சொன்னார்களே என்று ஓய்வெடுக்க இரண்டு நாள் பக்கத்திலுள்ள பாத்தாம் தீவுக்குப் போய் வந்தேன். படகுத்துறையில் இறங்கியபோது வாட்ஸ்அப்பில் நாற்பது செய்திகள் காத்திருந்தன. வேலை நடக்கும் விதம் அப்படியே இருந்தால் ஓய்வு எத்தனை நாள் தாங்கும்?

அந்த விதத்தை மாற்றுவது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. இங்கே தமிழில் வடிவமைப்பவர், நாடகம் எழுதுபவர், மேடைக்கு ஒளியமைப்பவர், நிகழ்ச்சி நெறியாளர் எல்லாரையும் சேர்த்தாலும் சிறு கூட்டம்தான். தமிழ்மொழி விழாவை ஒருங்கிணைக்கும் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவோடு ஏப்ரலில் இத்தனை அமைப்புகள் நிகழ்ச்சி நடத்துவது எனக்கும் பெருமையே. ஆனால் எல்லாரும் அழைப்பது அதே சில பேரைத்தான். அவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் உங்களுக்காக விழித்திருக்கிறார்கள்.

"தமிழுக்காகத்தானே செய்கிறோம்" என்று நீங்கள் சொன்னதும் கூலி பேச எனக்கு வாய் எழாது. அரங்க வாடகையிலும் சாப்பாட்டுச் செலவிலும் யாரும் இதைச் சொல்லிக் குறைப்பதில்லை. தமிழ்மேல் உள்ள பாசத்தால் இந்த வேலைக்கு வந்தவன் நான். அந்தப் பாசத்தைக் காட்டியே என்னிடம் விலை குறைக்காதீர்கள்.

சுயதொழில் செய்வோரிடம் வேலை கொடுக்கும்போது என்ன வேலை, எவ்வளவு தொகை, எப்போது தருவது என்பதை எழுதிக்கொள்ளச் சொல்லும் முத்தரப்புத் தரநிலை (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூவரும் சேர்ந்து வகுத்தது) 2018இலேயே வந்துவிட்டது. ஒரு பக்கத் தாள் போதும். திருத்தம் இரண்டு முறை என்று அதிலேயே எழுதிவிடலாம். சிறப்பு விருந்தினர் பட்டியல் முடிவான பிறகு வேலையைக் கொடுங்கள். பாதி மாற்றங்கள் அங்கிருந்துதான் வருகின்றன. இரவு ஒன்பதுக்கு மேல் அழைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஏப்ரலிலேயே குவிக்காமல் ஜூலைக்கும் ஆகஸ்ட்டுக்கும் சிலவற்றைத் தள்ள முடியுமா என்று அமைப்புகள் ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள்.

அப்படி ஒரு கூட்டம் வைத்தால் நானும் வருகிறேன். எந்தச் சனிக்கிழமையானாலும் சரி, தேக்கா பக்கம் வைத்தால் எல்லாருக்கும் வசதி. நாள்காட்டியை எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பதாகைகளை வரைந்த தம்பி