வேப் பெட்டியில் இன்னும் நாலு வரிக்கு இடமில்லையா?

வேப் என்கிற மின்சிகரெட் தயாரித்துப் பிரித்தானியாவுக்கு அனுப்புகிறவர்களுக்கும், அதை இறக்கி எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்குப் போடுகிறவர்களுக்கும்,

வணக்கம். லண்டனில் ஒரு மூலைக்கடை நடத்துகிறவன் எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியாக வந்திருக்கும். இதைத் தமிழிலும் போடுவது, இதே சாமானை விற்று இதே ஏச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிற நம்மாக்களும் வாசிக்கட்டும் என்றுதான்.

2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பாவித்து எறிகிற வேப்பை இங்கே விற்க முடியாது. நீங்கள் சளைக்கவில்லை. அதே உடம்பு, அதே நிறம், கீழே சார்ஜ் பண்ண ஒரு ஓட்டை, மேலே கழற்றிப் பூட்டுகிற பொட், அதாவது திரவம் நிற்கிற சின்ன டப்பி. சட்டத்துக்கு அது போதும். விலையும் பெரிதாக ஏறாததால் ஒன்று வாங்குகிற சனம் மூன்றாக வாங்கி வீட்டில் வைக்கிறது. போதாக்குறைக்கு 2026 ஒக்டோபர் 1 முதல் 10 மில்லிலீற்றர் திரவத்துக்கு 2.20 பவுண்ட் வரி என்றதும் கேட்கவே வேண்டாம். வரி திரவத்துக்குத்தான், மெஷினுக்கு இல்லை என்று கவுண்டரில் நின்று நான் தொண்டை கிழியச் சொன்னாலும் என்ன, திரவத்தோடு சேர்த்துத்தானே நீங்கள் கிட் விற்கிறீர்கள், அள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். எனக்கும் அதில் காசு வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை.

அள்ளிக்கொண்டு போனதை எப்படி வைக்க வேண்டும் என்று யார் சொல்வது? அதுதான் என் கேள்வி.

எங்கள் கடைக்கு வழமையாக வரும் பெரியவர் ஒருவர், பல வருடச் சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு வந்தவர், அண்மையில் ஒன்றைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். ஸ்பெயராக இருக்கட்டும் என்று வாங்கி, பொட்டைப் பூட்டியபடியே லாச்சிக்குள் படுக்கப் போட்டிருக்கிறார். மாதக்கணக்காகக் கிடந்திருக்கிறது. பொட்டைக் கழற்றிப் பார்த்தால் திரவம் ஒழுகி, உள்ளே இருக்கிற இரண்டு பொன்நிற ஊசிகளிலும் சீனிப்பாணி மாதிரி ஒட்டிக் காய்ந்திருக்கிறது. சார்ஜ் ஓட்டையைச் சுற்றிப் பிளாஸ்ரிக் இளகிக் கோணி, ஓரம் கறுத்துப் போயிருக்கிறது. இரவு சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தாராம், மணத்துக்குத்தான் எழும்பினாராம். "தம்பி, இது புதுசு, ஒருநாளும் பாவிக்கேல்லை" என்றார்.

அவருக்காக உங்களில் ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டேன். வாங்கிய கடையைத் தொடர்புகொள்ளவும் என்று பதில் வந்தது. ஐயா, அந்தக் கடையே நான்தான்.

பாவிக்காமல் கிடந்ததே ஆபத்து என்று அந்தப் பெரியவருக்கு எப்படித் தெரியும்? சும்மா கிடந்தாலும் லித்தியம் பற்றரி மெல்ல மெல்ல இறங்கும், உள்ளே இருக்கிற சிப்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். அளவுக்கு மீறி இறங்கி அப்படியே கிடந்தால் உள்ளே இருக்கிற செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் போட்டால் கரைந்த செப்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆகலாம். ஆகவே எடுத்துவைக்கிறவர்கள் பாதி சார்ஜில் வைக்க வேண்டும், சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கொஞ்சம் ஏற்ற வேண்டும், பொட்டைக் கழற்றித் தனியே நிமிர்த்தி வைக்க வேண்டும், வெயிலில் நிற்கிற காருக்குள் போடவே கூடாது. எவ்வளவு பெரிய விஞ்ஞானம்! நாலு வரி.

முந்தி 18650 என்கிற உருளைப் பற்றரி போடுகிற பெரிய மெஷின் வாங்கினவர்கள் பற்றரியைக் கழற்றி, அதற்கென்று இருக்கிற பிளாஸ்ரிக் டப்பியில் போட்டு வைத்தார்கள், சந்தேகம் வந்தால் மீற்றர் வைத்தும் பார்த்தார்கள். உங்கள் சாமானில் பற்றரியைக் கழற்றவும் முடியாது, பார்க்கவும் முடியாது, நிறம் மாறுகிற சின்ன லைற் ஒன்றுதான் கதி. கழற்ற முடியாமல் செய்தவர்கள்தானே எப்படி வைப்பது என்று சொல்ல வேண்டும்?

இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நிக்கொட்டின் எச்சரிக்கைக்குப் பெட்டியின் இரண்டு பெரிய பக்கங்களிலும் 30 வீதம் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது, ஒதுக்கினீர்கள். எப்படி வைப்பது என்று உள்ளே ஒரு சீட்டில் எழுத வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, அதையும் எழுதினீர்கள். "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்." மாவுக்கும் மஞ்சளுக்கும் அதைத்தான் எழுதுகிறார்கள். அந்த ஒரு வரியை வாசிக்கவும் பூதக்கண்ணாடி வேண்டும். பழச்சுவைகளின் பெயர் மட்டும் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் தெரிகிறது.

பழுதானதைத் திருப்பி வாங்க வேண்டியதும் நாங்கள்தான், அதுவும் சட்டம். அவற்றைப் போட்டுவைக்கிற வாளி நிற்பது என் ஸ்ரோர் ரூமில், அதற்கு மேல் வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கிறது. குப்பை லொறிகளிலும் குப்பை நிலையங்களிலும் பற்றரியால் வருடத்துக்கு 1,200க்கு மேல் தீவிபத்து என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த வாளிதான் ஞாபகம் வருகிறது. இன்ஷூரன்ஸ்காரர் கேள்விக்கு மேல் கேள்வி கேட்கிறார், கவுன்சில் ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார், உங்கள் பிரதிநிதியோ புது ஸ்ராண்ட் ஒன்றைக் கொண்டுவந்து, பிள்ளைகளின் இனிப்பு வைக்கிற தட்டை ஒதுக்கித் தரமுடியுமா என்று கேட்கிறார். வேறென்ன வேண்டும், காசு போடுகிற ரில்லையும் தூக்கித் தரட்டுமா?

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து கேட்பது இதுதான். பற்றரி செய்த மாதமும் வருடமும் பெட்டியில் தெரிகிற எழுத்தில் போடுங்கள். எடுத்துவைப்பது எப்படி என்ற அந்த நாலு வரியையும் பெட்டிக்கு வெளியே போடுங்கள், சீட்டுக்குள் ஒளிக்க வேண்டாம். மாதக்கணக்காகக் கிடந்து செத்துப்போனதைச் சார்ஜ் போட்டு எழுப்பப் பார்க்காதே என்றும் ஒரு வரி சேருங்கள்.

புதுப் பெட்டி அச்சாகி வரக் காலம் எடுக்கும் என்றால், அதுவரைக்கும் ஒட்டுகிற ஸ்ரிக்கராக அடித்து உங்கள் பிரதிநிதியிடம் கொடுத்துவிடுங்கள். நான் இருந்து ஒவ்வொரு பெட்டியாக ஒட்டுகிறேன். ஸ்ராண்ட் வேண்டாம்.

நன்றி.

லண்டனிலிருந்து ஒரு கடைக்காரன்