இழுப்பு வாளுக்கு ஒரு ஜோடித் தலை: அஞ்சல்தலை ஆலோசனைக் குழுவுக்குத் திறந்த மடல்

அஞ்சல்தலை ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்கு ஆரியங்காவிலிருந்து வணக்கம்.

கேரள எல்லைக்குள், செங்கோட்டைக்கு மேற்கே கணவாயைத் தாண்டியதும் இருக்கும் ஊர் எங்களுடையது. வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம். என் தாத்தா மரம் அறுப்பவர். நான் நாற்பது ஆண்டுகளாக அஞ்சல்தலை சேர்ப்பவன். இந்த இரண்டு சங்கதிகளும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

தாத்தா காலத்தில் எங்கள் ஊரும் செங்கோட்டையும் ஒரே திருவிதாங்கூர். தமிழ்நாடு தபாலை அஞ்சல் என்று மாற்றும் முன்பே இங்கே அதன் பெயர் அஞ்சல்தான். சங்கு பொறித்த திருவிதாங்கூர் அஞ்சல்தலை 1888-இல் வந்தது. 1951-இல் அந்த அஞ்சல் இந்தியத் தபாலோடு கலந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1956 நவம்பர் முதல் தேதி, செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் போனது. தாத்தாவுக்குப் பெண் எடுத்த ஊர் செங்கோட்டை என்பதால் மாமனார் வீடு ஒரே நாளில் அடுத்த மாநிலமாகிவிட்டது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் தடி தடிதான், வாள் வாள்தான் என்பாராம். தடி என்றால் வெட்டிச் சாய்த்த அடிமரம்.

வாள் என்றால் போர்வாள் அல்ல. இரண்டு பேர் இரண்டு முனையில் நின்று இழுக்கும் ரம்பத்துக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. உங்களிடம் நான் கேட்க வந்திருப்பதும் அதைத்தான். காட்டில் மரம் சாய்க்கக் கைகள் பிடித்த கருவிகளுக்கு ஓர் அஞ்சல்தலை வேண்டும்.

வேலைக் கருவிகள் உங்களுக்குப் புதிதல்ல. 1955 ஜனவரியில் வெளியான ஐந்தாண்டுத் திட்டத் தொடரில் டிராக்டர் இருந்தது, விசைத்தறி இருந்தது, மாடு கட்டி இறைக்கும் கமலை இருந்தது, ராட்டை சுற்றும் பெண்ணும் தறி நெய்யும் நாகா பெண்ணும் இருந்தார்கள். அதற்கும் முன்னால், 1937-இல், தபால் சுமந்து ஓடும் ஓட்டக்காரனையும் மாட்டுவண்டியையும் ஒட்டகத்தையும் அஞ்சல்தலையில் ஏற்றினார்கள். தன் வேலைக்காரர்களை மறக்காத துறை என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். மரம் அறுத்தவன் மட்டும் என் ஆல்பத்தின் இந்தியப் பக்கங்களில் இல்லை.

வெளிநாட்டுப் பக்கங்களில் இருக்கிறான். மத்திய அமெரிக்காவில் பெலீஸ் என்று ஒரு சின்னஞ்சிறு நாடு. பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் என்று அழைக்கப்பட்ட காலத்தில் மகோகனி மரத்தை விற்றுத்தான் அது பிழைத்தது. 1938-இல் வெளியான அதன் தொடரில் ஒரு தலையில் மகோகனி மரம் வெட்டுகிறார்கள், இன்னொன்றில் தடிகள் ஆற்றில் கிடக்கின்றன. இன்றைக்கும் அந்த நாட்டுக் கொடியின் நடுவில் இரண்டு மரவெட்டிகள் நிற்கிறார்கள். அவர்களுக்கு இடையிலுள்ள கேடயத்தில் கோடாலி, ரம்பம், துடுப்பு. அந்த மரங்களை முதலில் வெட்டியவர்கள் அடிமைகள் என்பதையும் சேர்த்தே அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். அதே 1938-இல் பர்மா தேக்குத் தடியையும் யானையையும் அஞ்சல்தலையாக்கியது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆகவே அங்கே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்கு உள்ளே இருக்கும் வெள்ளை மரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, மரம் நின்றபடியே காயச் சில ஆண்டுகள் காத்திருப்பார்கள். அந்த வளையத்தை வெட்டிய கோடாலி படத்தில் இல்லை. யானை வந்துவிட்டால் மனிதன் ஒதுங்க வேண்டியதுதான் போலிருக்கிறது. அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கதையில் மட்டுமே வாழ்ந்த பால் பன்யன் என்ற ராட்சத மரவெட்டிக்கு 1996-இல் தலை வெளியிட்டார்கள்.

நம் பக்கம் வருகிறேன். 2006 டிசம்பர் 13 அன்று 15 ரூபாய்க்குச் சந்தன மணம் வீசும் அஞ்சல்தலை வெளியிட்டீர்கள். வாங்கி வந்து வீட்டில் எல்லோர் மூக்கிலும் காட்டினேன். எங்களுக்கு வடக்கே, மூணாறைத் தாண்டி மறையூரில் சந்தனக்காடு இருக்கிறது. சந்தனத்தை அடியில் அறுத்து எடுப்பதில்லை. வேரிலும் எண்ணெய் இருப்பதால் மண்ணைத் தோண்டி வேரோடு எடுக்க வேண்டும். பிறகு மணமில்லாத வெள்ளை மரத்தைச் செதுக்கித் தள்ளி, வைரம் எனப்படும் நடுமரத்தைப் பிரிக்க வேண்டும். கடப்பாறையும், மரம் செதுக்கும் வாய்ச்சியும் பாடுபட்டுத்தான் அந்த மணம் வெளியே வருகிறது.

இந்தக் காலத்தில் மரம் வெட்டும் கருவிக்கு மரியாதையா என்று நீங்கள் தயங்கலாம். தயங்க வேண்டிய விஷயம்தான். மலைச்சரிவில் வரிசை பிசகாமல் தேக்கு நிற்கும் இடங்களில் முன்பு வேறு காடு இருந்தது, அதைச் சாய்த்த கைகளில் எங்கள் ஆட்களின் கைகளும் உண்டு. 1996 டிசம்பர் 12 அன்று, நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், மத்திய அரசு ஒப்புதல் தந்த செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சரியான உத்தரவு. அதை மாற்றச் சொல்லவில்லை. புலியைச் சுட்ட துப்பாக்கி அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது. கூலிக்கு இழுத்தவனின் வாள் எடைக்குப் போய்விட்டது.

எங்கள் வீட்டு வாளும் அப்படித்தான் போனது. சித்தப்பா பழைய இரும்புக்கடைக்குத் தூக்கிக் கொடுத்தார். நல்லவேளை, அதற்கு முன்பே பாட்டி ஒரு துண்டைக் கொல்லரிடம் கொடுத்து அரிவாள்மனைக்கு அலகு அடித்து வாங்கியிருந்தார். இன்றும் அதில்தான் காய் நறுக்குகிறோம். ரம்பத்து இரும்பு, லேசில் முனை மழுங்காது.

ஓவியருக்குச் சில வார்த்தைகள். பெருக்கல் குறி போல இரண்டு கோடாலிகளைப் போட்டுச் சின்னம் ஆக்கிவிடாதீர்கள். மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் கோடாலியால் வாய் வெட்டுவார்கள். எதிர்ப்பக்கம், அதைவிடச் சற்று மேலே, வாள் வைப்பார்கள். வாள் உள்ளே போனதும் பின்னால் ஆப்பு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் மரத்தின் பாரம் வாளைக் கவ்விக்கொள்ளும். வாளின் பற்கள் ஒன்று இடமும் அடுத்தது வலமுமாகச் சாய்ந்திருக்கும், அறுக்கும் சந்து தகட்டைவிட அகலமாக இருப்பதற்காக. வேலை முடிந்த மாலையில் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வாளை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கி, அரத்தால் ஒரு பல் விட்டு ஒரு பல்லாக ராவிக்கொண்டு வருவார். முனை வரை போய்த் திரும்பி, விட்ட பற்களுக்கு வருவார். அந்தச் சத்தத்துக்குத் தெரு நாய் எழுந்து போய்விடும்.

முக்கியமானது இது. வாளை இழுக்கத்தான் வேண்டும், தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு வளையும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் கையை இளக்கிவிட வேண்டும். ஆகவே ஒரு தலை போதாது, ஒட்டினாற்போல் இரண்டு தலைகள் வேண்டும். இடது தலையில் ஒருவர், வலது தலையில் ஒருவர், நடுவிலிருக்கும் துளை வரிசையைத் தாண்டி வாள் போக வேண்டும். கிழித்துப் பிரித்தால் இருவர் கையிலும் அரை வாள்தான் மிஞ்சும், கிழித்த விளிம்பில் பற்கள் இருக்கும்.

தலை வெளியாகும் அன்று அதை ஒட்டி முத்திரை குத்தித் தரும் முதல் நாள் உறை பற்றியும் ஒரு யோசனை இருக்கிறது. வெட்டிய தடியின் முகத்தில் வனத்துறை சுத்தியலால் அடித்துக் குறி பதிக்கும். அந்தக் குறி இல்லாத தடி திருட்டுத் தடி. நீங்களும் தலைமேல் அடித்துத்தான் செல்லாததாக்குகிறீர்கள். இரண்டுக்கும் தமிழில் முத்திரை என்றே பெயர். அந்தச் சுத்தியலின் வடிவத்திலேயே முதல் நாள் முத்திரை இருக்கட்டும்.

நம் படத்தைத் தலையில் போட்டுத் தரும் மை ஸ்டாம்ப் திட்டத்தில் பணம் கட்டி நீங்களே அச்சடித்துக்கொள்ளலாமே என்று ஒரு கவுன்டரில் அன்போடு சொன்னார்கள். பேத்தி பிறந்தநாளுக்கு அது சரி. இது பேரன் கொடுத்து வாங்குவதாக இருக்கக் கூடாது.

மாதிரிக்கு வாள் வேண்டுமென்றால் எங்கள் தெருவிலேயே ஒன்று இருக்கிறது. மாட்டுத்தொழுவத்துப் பரணில் கிடக்கிறது, எண்ணெய் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஓவியரை இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் அனுப்புங்கள், பிறகு மலை வழியில் மண் சரியும். ஒரு பக்கத்துப் பிடி உடைந்திருக்கிறது. மறுபக்கத்துப் பிடியைப் பார்த்து அதையும் வரைந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆரியங்காவு அறுப்புக்காரர் ஒருவரின் பேரன்